எர்பியம் யாக் ஒற்றைப் படிக இழை: மண்டபம்–தொண்டி கரையோரத்தில் வளர்க்க முடியுமா?

தொண்டி1645
காரங்காடு அலையாத்திக் காட்டுக்கு மேலே மீத்தேன் அளக்க ஒரு லைடார் (லேசர் துடிப்பை அனுப்பித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி) கட்டும் யோசனை. மீத்தேனின் உறிஞ்சு கோடு ஒன்று 1645.5 நானோமீட்டரை ஒட்டி விழுகிறது. எர்பியம் கலந்த யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகம் அதே இடத்தில் லேசர் தரும். படிகத்தை இழையாகவே வளர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறோம்: கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் கற்றையைத் தங்கம் பூசிய ஆடிகளால் குவித்து மூலக்கோலின் நுனியை உருக்கி, மேலே விதைப்படிகத்தால் இழுக்கும் முறை. இலக்கு 100 மைக்ரான் விட்டம், 1 மீட்டர் நீளம், 0.5% எர்பியம். மூலக்கோல் 1 மி.மீ. கட்டடம் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். லேசர் எத்தனை வாட் வேண்டும், இழுக்கும் வேகம் என்ன, உப்புக் காற்று எதையெல்லாம் கெடுக்கும்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

உருகுமண்டலம்
முதலில் கணக்கு. உள்ளே போகும் பொருளும் வெளியே வரும் பொருளும் சமம். ஆகவே இழையை இழுக்கும் வேகத்துக்கும் கோலை ஊட்டும் வேகத்துக்கும் உள்ள விகிதம் என்பது விட்டங்களின் விகிதத்தின் வர்க்கம். ஒரே பாஸில் (ஒருமுறை உருக்கி இழுப்பதில்) விட்டத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகப் பார்த்தால் உருகுமண்டலம், அதாவது கோலுக்கும் இழைக்கும் நடுவே உருகி நிற்கும் பகுதி, ஆடும். எனவே 1 மி.மீ. கோலை 330 மைக்ரானாக்கி, அதையே மூலமாக வைத்து மறுபடி 100 மைக்ரானாக்க வேண்டும். 1 மீட்டர் இழைக்கு 330 மைக்ரான் இழை 92 மி.மீ. போதும், 1 மி.மீ. கோல் 10 மி.மீ. போதும். பொருள் செலவு ஒன்றுமேயில்லை.

செலவு நேரத்தில்தான். நிமிடத்துக்கு 1.5 மி.மீ. இழுத்தால் முதல் பாஸ் ஒரு மணி நேரம், இரண்டாவது பாஸ் 11 மணி நேரம். அந்த 11 மணி நேரமும் கரண்ட் போகக்கூடாது, ஏசி நிற்கக்கூடாது, யாரும் கதவைப் படாரென்று சாத்தக்கூடாது.

ஆனால் உங்கள் வேலைக்கு 1 மீட்டர் எதற்கு? லைடாருக்குத் துடிப்பு ஆற்றல் வேண்டும். 100 மைக்ரான் முகத்தில் துடிப்பை ஏற்றினால் முகம் பொரிந்துவிடும். 400 மைக்ரான், 10 செ.மீ. நீளம் என்று வையுங்கள். பம்ப் ஒளி (லேசருக்கு ஆற்றல் ஊட்டும் ஒளி) சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே ஓடும், 1645 கற்றை சுவரைத் தொடாமல் நடுவில் ராடில் போவது போலப் போகும். ஒரே பாஸ், நிமிடத்துக்கு 1 மி.மீ. என்றால் 100 நிமிடத்தில் முடிந்தது.

படிகப்பித்தன்
மேலே சொன்ன விகிதத்தில் ஒரு திருத்தம். கடைகளில் கிடைக்கும் மூலக்கோல் பெரும்பாலும் வைரவாளில் அறுத்த சதுரக் கோல். 1×1 மி.மீ. சதுரத்தின் பரப்பு 1 சதுர மி.மீ., 1 மி.மீ. வட்டக் கோலின் பரப்பு 0.785தான். சதுரக் கோலிலிருந்து 400 மைக்ரான் இழுத்தால் வேக விகிதம் 8 (வட்டமாக இருந்தால் 6.25). இழுப்பு நிமிடத்துக்கு 1 மி.மீ. என்றால் ஊட்டு 0.126 மி.மீ. இதைக் கவனிக்காமல் விட்டால் இழை தடித்து வரும், லேசர் பவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

தொண்டி1645
நன்றி சார். 400 மைக்ரான், 10 செ.மீ. என்றே வைத்துக்கொள்கிறோம். மூலக்கோலை நாங்களே பீங்கானாகச் சுட்டெடுக்கலாமா, இல்லை படிகமாக வாங்கித்தான் ஆகவேண்டுமா?

படிகப்பித்தன்
முதல் இழைகளுக்குப் படிகமே வாங்குங்கள். பீங்கானில் நுண்துளை இருக்கும். அது உருகும்போது குமிழியாக வெளியேறும், ஒவ்வொரு குமிழிக்கும் உருகுமண்டலம் துள்ளும், துள்ளிய இடத்தில் இழையில் ஒரு முண்டு விழும்.

டோப்பிங் அளவை (கலக்கும் எர்பியத்தின் அளவை) மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும் என்றால் பீங்கான் தவிர வழியில்லை. 10 கிராம், 0.5% எர்பியத்துக்கு: இட்ரியம் ஆக்சைடு 5.666 கிராம், அலுமினியம் ஆக்சைடு 4.286 கிராம், எர்பியம் ஆக்சைடு 0.048 கிராம். மூன்றும் 99.99%க்குக் குறையக்கூடாது. எத்தனாலில் அலுமினா குண்டு போட்டு அரைத்து, உலர்த்திச் சலித்து, எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் ஐசோஸ்டாட்டிக் பிரஸ்ஸில் அழுத்தி, 1650 டிகிரியில் 10 மணி நேரம் சுடவேண்டும். குண்டு தேய்ந்து கலவையில் கொஞ்சம் அலுமினா சேரும். அரைப்பதற்கு முன்னும் பின்னும் குண்டை எடை போட்டு அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் உதைக்கப் போவது எடைபோடும் நேரம். இட்ரியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் வாங்கிக்கொள்ளும். டப்பாவைத் திறந்து ஐப்பசி மழைக்காலத்தில் அரை நாள் வைத்தாலே போதும், நீங்கள் 5.666 என்று நிறுத்துவதில் ஒரு பங்கு தண்ணீர். யாக் துல்லியமாக 3:5 விகிதத்தில் மட்டுமே நிற்கும் சேர்மம், முன்பின் போக இடம் கொடுக்காது. இட்ரியம் குறைந்தால் மிஞ்சிய அலுமினா தனிக்கட்டமாக ஒதுங்கும், கூடினால் பெரோவ்ஸ்கைட் கட்டம் வரும். இரண்டும் ஒளியைச் சிதறடிக்கும். பொடியை 1000 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, 200 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே டெசிக்கேட்டருக்கு (ஈரம் புகாத மூடுகலம்) மாற்றி, ஆறியதும் உடனே நிறுக்கவேண்டும். நிறுத்ததை மறுபடி திறந்துவைக்காதீர்கள்.

காரைக்குடிவாசி
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இதையெல்லாம் ஏன் கடற்கரையில் செய்யவேண்டும்? இழையைக் காரைக்குடியிலோ மதுரையிலோ வளர்த்து, லேசரை மட்டும் தொண்டியில் பூட்டுங்கள். மண்டபத்தில் இரும்புத்துண்டை வெளியே போட்டால் என்ன ஆகும் என்று செக்ரிக்காரர்கள் (காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார்) அங்கேயே பலகை கட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாம்பன் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றவே ஆயுள் முழுக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தக் காற்றில் தங்க முலாம் பூசிய ஆடியா?

மண்டபம்_களிம்பு
அண்ணே, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் லேசர் எப்படியும் அந்தக் காற்றில்தான் இருக்கப் போகிறது. ஆடியைக் காக்கத் தெரியாவிட்டால் லைடாரும் ஓடாது. என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

சாப்பாட்டு உப்பு 75% ஈரப்பதத்துக்குக் கீழே காய்ந்து கிடக்கும். காய்ந்த சோடியம் குளோரைடு 10.6 மைக்ரானுக்குக் கண்ணாடி மாதிரி ஒளிபுகும், அந்த அலைநீளத்துக்கு ஜன்னலே அதில் செய்வார்கள். அதனால் லென்ஸில் கொஞ்சம் உப்பு படிந்தால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். கடலுப்பு அப்படியில்லை, அதில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது 33% ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். டீஹியூமிடிஃபையர் போட்டு அறையை 45%க்குக் கொண்டுவந்து நிம்மதியாக இருந்தாலும் ஜிங்க் செலினைடு லென்ஸில் படிந்த துளி ஈரமாகவே இருக்கும். ஈரம் 10.6 மைக்ரானை நன்றாகக் குடிக்கும். அந்த இடம் சூடாகிப் பூச்சு வெடிக்கும், பிறகு லென்ஸே விரிசல் விடும்.

ஆகவே ஈரத்தைக் குறைப்பதற்கு முன் உப்பைத் தடுங்கள். அறைக்குள் வரும் காற்று ஹெப்பா ஃபில்ட்டர் வழியாக மட்டும் வரட்டும், உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்று கூடுதலாக இருக்கட்டும், கதவு இரட்டைக் கதவாக இருக்கட்டும். அடுத்து ஆடிகள் இருக்கும் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் வழியாக உலர்த்திய காற்றை நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் விட்டுக்கொண்டே இருங்கள். லேசர் ஓடாத நேரத்திலும் விடவேண்டும், ராத்திரியிலும். இதை மிச்சம் பிடிப்பவர்கள்தான் ஆடி வாங்கச் செலவழிக்கிறார்கள்.

ஆடி செம்பில் கடைந்து தங்கம் பூசியதாக வரும். நடுவில் நிக்கல் அடுக்கு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். தங்கம் அரிக்காது, ஆனால் பூச்சில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். குளோரைடு அதன் வழியே இறங்கிச் செம்பைத் தின்னும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மஞ்சள் பரப்பில் கடுகைவிடச் சின்னப் பச்சைப் புள்ளி, அதைச் சுற்றித் தங்கம் லேசாக உப்பியிருக்கும். அந்தக் களிம்பைத் துடைக்கக்கூடாது. துடைத்தால் உப்பிய தங்கமும் சேர்ந்து உரியும். ஐசோபுரோப்பனால் ஊற்றிக் கழுவி, உலர் நைட்ரஜனால் ஊதிவிட்டு, அந்தப் புள்ளி எத்தனை சதவீதப் பரப்பு என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கற்றையை வளையமாக விரிக்கும் கூம்பு ஆடியின் முனைக்கருகே புள்ளி வந்தால் மாற்றுவது ஒன்றே வழி, கற்றையின் அடர்த்தி அங்கேதான் அதிகம்.

கீழக்கரை_மின்
லேசர் பக்கம் நான் சொல்கிறேன். யாக் உருகுவது 1950 டிகிரியை ஒட்டி. 1 மி.மீ. கோலுக்கு உருகுமண்டலத்தில் 20, 30 வாட் விழுந்தால் போதும். ஆனால் 30 வாட் லேசர் வாங்காதீர்கள், 60, 70 வாட் வாங்குங்கள். அதை அதன் நிலையான இடத்தில் ஓடவிட்டு, வெளியே ப்ரூஸ்டர் கோணத்தில் (ஒரு திசை முனைவுற்ற ஒளி எதிரொளிக்காத கோணம்) வைத்த ஜிங்க் செலினைடு தகட்டைத் திருப்பிப் பவரைக் குறைத்துக்கொள்ளுங்கள். லேசரின் மின்னோட்டத்தைக் குறைத்துப் பவரைக் குறைத்தால் அலைநீளக் கோடு தாவும், பவரும் தாவும். கற்றையில் ஒரு சிறு பங்கை டிடெக்டருக்குப் பிரித்து, அதைக்கொண்டு தகட்டைத் திருத்துகிற சுற்று கட்டினால் 0.5%க்குள் நிற்கும். அவ்வளவு நிற்கவில்லையென்றால் இழையின் விட்டத்தில் அலை தெரியும்.

சில்லர் 0.1 டிகிரிக்குள் நிற்கவேண்டும், ஏனென்றால் குழாயின் நீளம் மாறினால் பவர் மாறும். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. காவிரிக் கூட்டுக்குடிநீரும் வேண்டாம். அயனி நீக்கிய தண்ணீர் மட்டும், கடத்துதிறனை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பனிநிலை (காற்றின் ஈரம் துளியாக இறங்கும் வெப்பநிலை) கவனம். வெளியே 32 டிகிரி, 80% ஈரப்பதம் என்றால் பனிநிலை 28 டிகிரி. சில்லரை 20க்கு வைத்தால் லேசர் தலையில் தண்ணீர் வடியும். அறை 24 டிகிரி, 50% என்றால் பனிநிலை 13, ஆபத்தில்லை. கரண்ட் போகும்போதுதான் வம்பு: சில்லரும் லேசரும் யுபிஎஸ்ஸில் ஓடும், ஏசி நின்றுவிடும், பத்திருபது நிமிடத்தில் அறை ஈரமாகும், குளிர்ந்த ஆடியில் பனி இறங்கும். யுபிஎஸ் போட்டுக்கொண்டதே வினையாகும். அறை ஈரப்பதம் 60% தாண்டினால் முதலில் லேசரையும் பிறகு சில்லரையும் நிறுத்துகிற ரிலே ஒன்று போடுங்கள். யுபிஎஸ் ஆன்லைன் வகையாக இருக்கவேண்டும். கடலோர ஃபீடரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் போனபின் பேட்டரிக்கு மாறும் வகை யுபிஎஸ் தாவும் அந்த நொடியில் இழை அறுந்துவிடும்.

தொண்டி1645
காக்கா, பவர் 1% ஆடினால் விட்டம் எவ்வளவு ஆடும்?

கீழக்கரை_மின்
அதை உருகுமண்டலம் சார்தான் சொல்லவேண்டும் தம்பி.

உருகுமண்டலம்
வேகம் ஆடினால் கணக்கு எளிது. விட்டம் வேகத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஊட்டு வேகம் 1% கூடினால் விட்டம் 0.5% கூடும். பவர் வேறு கதை. பவர் கூடினால் மண்டலம் நீளும், நீளும் நேரத்தில் இழை மெலியும், பிறகு பழைய விட்டத்துக்கே திரும்பும். நின்று நிதானமாக மாறும் பவர் பெரிய தீங்கு செய்யாது. சில நொடியிலிருந்து சில நிமிடம் வரை ஆடுகிற பவர்தான் இழையில் வளையம் வளையமாக எழுதும். மிக வேகமான ஆட்டத்தை உருகிய பொருளே விழுங்கிவிடும்.

தொடக்கத்தைச் சொல்கிறேன், பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். ஆடிகளை ஹீலியம் நியான் சிவப்புக் கற்றையால் ஒருமைப்படுத்திய பின், குவியத்துக்குச் சற்று முன்னால் அக்ரிலிக் துண்டு வைத்துக் குறைந்த பவரில் சுட்டுப் பாருங்கள். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் பதியவேண்டும். ஒரு பக்கம் ஆழமாக இருந்தால் அந்தப் பக்கம் உருகுமண்டலம் சாய்ந்து இழை வளையும். விதைப்படிகம் யாக் <111> திசை (கனசதுரத்தின் மூலைவிட்டம்). கோலின் அச்சுக்கு 1 டிகிரிக்குள் நேராக, சில பத்து மைக்ரானுக்குள் மையத்தில். பவரை மெல்ல ஏற்றினால் கோலின் நுனி அரைக்கோளமாக உருண்டு பளபளக்கும். விதையை இறக்கித் தொடவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள், விதையின் நுனியும் கொஞ்சம் உருகட்டும். பிறகு ஊட்டையும் இழுப்பையும் விகிதம் மாறாமல் கால் வேகத்தில் தொடங்கி ஐந்து பத்து நிமிடத்தில் முழு வேகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சரியான மண்டலம் கீழே அகன்று மேலே ஒடுங்கி, உடுக்கையின் ஒரு பாதி மாதிரி இருக்கும். உயரம் கோலின் விட்டத்தை ஒட்டி. பவர் குறைந்தால் நடுவே உறைந்து இழையும் கோலும் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் தள்ளத் தள்ள இழை வளையும். கூடினால் இடுப்பு மெலிந்து அறும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 400 மைக்ரானில் தாராளம், 100 மைக்ரானில் மிகக் குறைவு.

<111> இழை முழு வட்டமாக வராது. பக்க முகங்கள் தெரியும், குறுக்குவெட்டு அறுகோணத்தை நோக்கிப் போகும். அது பழுதல்ல. பம்ப் ஒளியைக் கலக்கிவிடுவதால் உங்களுக்கு நல்லதே.

மண்டபம்_களிம்பு
காற்றுக் காலத்தில் கட்டடமே முணுமுணுக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் என்றால் ஆனி ஆடிக் கச்சானில், பாக் நீரிணைப் பக்கம் என்றால் வாடை தொடங்கிய பிறகு. உருகுமண்டலத்தைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குழாய் போட்டு இழுவைக் காற்றை மறியுங்கள். மேசையைத் தரையோடு தனி அஸ்திவாரத்தில் நிறுத்துங்கள், சுவரோடு சேர்க்காதீர்கள்.

தொண்டி1645
மூலக்கோலில் உப்பு ஒட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கழுவியபிறகும் சந்தேகம் வருகிறது.

படிகப்பித்தன்
உருகுமண்டலமே சொல்லிவிடும். சுத்தமான யாக் உருகும்போது வெள்ளையாக ஒளிரும். உப்புப் பட்ட இடம் மண்டலத்தை நெருங்கும்போது அதன் ஓரத்தில் ஒரு ஆரஞ்சு மஞ்சள் நாக்கு பளிச்சென்று எழும்பி மறையும், தெருவிளக்குச் சோடியத்தின் அதே 589 நானோமீட்டர் நிறம். கேமராவுக்கு முன் அந்த நிறத்துக்கான ஃபில்ட்டர் போட்டால் ஒவ்வொரு பளிச்சும் துல்லியமாகத் தெரியும், அந்த நேரத்தைக் குறித்துவைத்தால் இழையில் எந்த மில்லிமீட்டரில் குமிழி தேடவேண்டும் என்றும் தெரியும். வெறுங்கையால் பிடித்த கோலும் இதே நாக்கைக் காட்டும், கடலை மட்டும் குறை சொல்லவேண்டாம்.

கழுவும் வரிசை: அசிட்டோன், ஐசோபுரோப்பனால், கடைசியில் அயனி நீக்கிய தண்ணீர், ஒவ்வொன்றிலும் அல்ட்ராசானிக்கில் 10 நிமிடம். கடைசி தண்ணீர்தான் முக்கியம், உப்பு அசிட்டோனில் கரையாது. பலர் அசிட்டோனோடு நிறுத்திவிட்டு நாக்கைப் பார்த்துத் திகைப்பார்கள்.

காரைக்குடிவாசி
சரி, கரையிலேயே நடக்கும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: டோப்பிங் இழை முழுக்க ஒரே அளவாக வருமா? நியோடிமியத்தில் இது பெரிய தொல்லை என்று படித்திருக்கிறேன்.

உருகுமண்டலம்
நியோடிமியத்தில் தொல்லைதான். யாக்கில் அதன் பிரிகை எண் (படிகத்தில் சேரும் அளவுக்கும் உருகலில் இருக்கும் அளவுக்கும் உள்ள விகிதம்) 0.2ஐ ஒட்டி. படிகம் அதை உள்ளே சேர்க்க மறுக்கும், உருகலில் தேங்கும், தேங்கித் தேங்கிக் கடைசியில் கோலில் உள்ள அளவே இழையிலும் வரும். உதாரணத்துக்கு உருகுமண்டலத்தில் 0.3 கன மி.மீ. இருந்து 330 மைக்ரான் இழை இழுத்தால், 95% அளவை எட்டவே கிட்டத்தட்ட 5 செ.மீ. ஆகும். அந்த முதல் 5 செ.மீ.யை வெட்டி ஒதுக்கவேண்டும். வேகமாக இழுத்தால் தேங்கிய நியோடிமியம் உறைமுகத்தைக் குலைத்து உள்ளே பால்போன்ற சிதறலை விடும். 1975இல் பெல் ஆய்வகத்தில் பரஸும் ஸ்டோனும் முதல் ஒற்றைப் படிக இழை லேசரைக் காட்டியது இதே நியோடிமியம் யாக்கில்தான், சிரமமான அயனியிலேயே தொடங்கியிருக்கிறார்கள்.

எர்பியம், ஹோல்மியம், தூலியம், இட்டெர்பியம் இவையெல்லாம் இட்ரியத்தின் அளவுக்கு நெருங்கியவை, பிரிகை எண் 1ஐ ஒட்டி. கோலில் 0.5% என்றால் இழையிலும் 0.5%. 2.94 மைக்ரான் லேசர் வேண்டுமென்று 50% எர்பியம் போட்டாலும் சமமாகவே வரும்.

தொண்டி1645
0.5%ஐ 2% ஆக்கினால் இழையை இன்னும் குட்டையாக்கலாமே?

படிகப்பித்தன்
ஆக்காதீர்கள். எர்பியம் அயனிகள் நெருங்கினால் கிளர்ந்த இரண்டு அயனி சேர்ந்து ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே விழும். உங்கள் 1645க்குச் சேமித்த ஆற்றல் வீண். கிளர்நிலை ஆயுள் 7 மில்லி விநாடியை ஒட்டி இருப்பதுதான் துடிப்பு லேசருக்கு இந்தப் படிகத்தின் பெருமை, அதை டோப்பிங்கை ஏற்றிக் கெடுக்கவேண்டாம். 1% தாண்டாதீர்கள். 1532 நானோமீட்டரில் பம்ப் செய்தால் வெப்பமும் குறைவு. பம்ப் போதாமல் இருக்கும்போது 1645 தானே வரும், பம்ப் அதிகமாகி இழப்பும் கூடினால் 1617க்குத் தாவப் பார்க்கும், அப்போது ஆடியின் பூச்சால் தடுக்கவேண்டும்.

கீழக்கரை_மின்
இழையை எதில் பிடிப்பது? வெறும் இழையாக விட்டால் உப்புத்துளி சுவரில் ஒட்டும்.

உருகுமண்டலம்
இண்டியம் தகட்டை நேராகச் சுற்றினால் உலோகம் பம்ப் ஒளியைக் குடிக்கும். யாக்கின் ஒளிவிலகல் எண் 1.81. அதன்மேல் 1.4 உள்ள ஒளிபுகும் சிலிக்கோனை 20, 30 மைக்ரான் தடிமனுக்குப் பூசிச் செம்பு பள்ளத்தில் உட்காரவைத்தால் பம்ப் ஒளி உள்ளேயே நிற்கும், உப்பும் அண்டாது. தடிமன் கூடாமல் பாருங்கள். யாக் மீட்டருக்கு டிகிரிக்கு 10 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தும், சிலிக்கோன் 0.2தான்.

முனைக்கு ஒரு வார்த்தை. யாக் பிளவுபடும் படிகமல்ல, கண்ணாடி இழையைப் போலக் கீறி ஒடிக்க முடியாது. கண்ணாடிக் குழலில் எப்பாக்சி ஊற்றி நிறுத்தி, வைரவாளில் அறுத்து, வைரப்படலம் 30, 9, 3, 1 மைக்ரான் என்று இறக்கிக் கடைசியில் கூழ்ம சிலிக்காவில் மெருகேற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய கீறல் போகும்வரை நகராதீர்கள். பூச்சு இல்லாத முகத்தில் 8% ஒளி திரும்பிவிடும், 1532க்கும் 1645க்கும் சேர்த்து எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு கேளுங்கள்.

தொண்டி1645
பம்ப் போட்டால் இழை பச்சையாக ஒளிரும் என்கிறார்களே, அது லேசர் வேலை செய்வதற்கு அடையாளமா? பார்ப்பதற்கு என்ன கண்ணாடி போடவேண்டும்?

படிகப்பித்தன்
பச்சை என்பது மேலே சொன்ன வீணாகும் ஆற்றல்தான், 550 நானோமீட்டர் பக்கம் வெளியேறுகிறது. லேசர் ஓடத் தொடங்கியதும் பச்சை மங்கவேண்டும். மங்காமல் பம்ப்போடு சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் ஆடி ஒருமை கெட்டிருக்கிறது.

கண்ணாடி விஷயத்தில் விளையாட வேண்டாம். 10.6 மைக்ரானுக்குப் போடும் பாலிகார்பனேட் கண்ணாடி 1645ஐயும் 1532ஐயும் தடுக்கும் என்று நம்பமுடியாது. இந்த அலைநீளங்களைக் கண்ணுக்குப் பாதுகாப்பானவை என்று எழுதுவது விழித்திரைக்கு மட்டும். கருவிழி வாங்கிக்கொள்ளும், அதற்கும் எல்லை உண்டு. இரண்டு வேலைக்கும் இரண்டு தனிக் கண்ணாடி, வெவ்வேறு நிற வார் கட்டி, வெவ்வேறு ஆணியில் மாட்டிவையுங்கள்.